ஸ்விட்ச் விழித்தெழும் தேதி

கரண்ட் போய் வந்ததும் நெட்வொர்க் ஸ்விட்ச், அதாவது அலுவலகத்துக் கணினி, கேமரா எல்லாவற்றையும் கேபிளால் இணைக்கும் பெட்டி, சொல்லும் முதல் விஷயமே பொய்தான். நீலக் கன்சோல் கேபிளைச் செருகி, வேகத்தை 9600 என்று வைத்து, 'ஷோ க்ளாக்' அடித்தேன். 1993 மார்ச் 1, திங்கட்கிழமை, நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்கள் என்றது. சுவர்க் காலண்டரில் 2019 டிசம்பர்.

பழைய, சின்ன சிஸ்கோ கேட்டலிஸ்ட் ஸ்விட்ச்சுக்குள் நேரத்தைப் பிடித்து வைக்க பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் கடிகாரமும் போச்சு. நெட்வொர்க்கில் ஏதாவது ஒரு டைம் சர்வர் சரியான நேரத்தைச் சொல்லும்வரை, அது 1993 மார்ச் முதல் தேதியிலிருந்து எண்ணிக்கொண்டே இருக்கும். அப்படி எண்ணும் நேரத்துக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருக்கும். 'இதை நம்பாதே' என்று அர்த்தம். அந்த அளவுக்கு நேர்மை உண்டு.

என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த அங்கிள் சிரித்தார். "93-ஆ? அப்ப நான் இன்னும் ஓட்டே போடலை தம்பி."

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வயதில் மூத்த ஆண்கள் எல்லோரும் அங்கிள்தான். இவர் என்னோடு வேலை பார்த்தவர்; டர்பனின் கேட்டோ மேனரில் பிறந்து, விவரம் தெரியும் முன்பே நிறவெறி அரசால் குடும்பத்தோடு, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்க்கப்பட்டவர். 1994 ஏப்ரல் 27 அன்று, எல்லா இனத்தவரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தலில், இனாண்டாவில் ஓஹ்லாங்கே பள்ளிக்கூடத்தில் மண்டேலா ஓட்டுப் போட்ட அதே நாளில், சாட்ஸ்வர்த்தில் நாலு மணி நேரம் வரிசையில் நின்றதை வருஷத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லிவிடுவார். அவர் பேசுவது டர்பன் இங்கிலீஷ். நடுவில் தம்பி, ஆயா, சோறு, ஐயோ எல்லாம் வரும். முழுத் தமிழ் என்றால் அவருக்குத் தேவாரம் மட்டும்தான். அதுவும் ரோமன் எழுத்தில் எழுதி வைத்த பள்ளிக்கூட நோட்டைப் பார்த்துப் பாடுவார். அவர் சொன்னவற்றை இங்கே என் தூத்துக்குடித் தமிழில் தருகிறேன், குற்றம் என்னுடையது.

அன்று அந்தக் கிடங்குக்கு எங்களைக் கூப்பிட்டது கேமராவுக்காக. பன்னிரண்டு கேமராக்களும் ஒரே இரவில் செத்துவிட்டன. அவற்றை மாட்டிக் கொடுத்தவன் நான்தான். மே மாதம் ஒரு சனிக்கிழமை, கேமராக்களுக்கென்று 40 என்ற எண்ணில் தனி வீலான் (ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) உருவாக்கி, பன்னிரண்டு போர்ட்டுகளை, அதாவது கேபிள் செருகும் துளைகளை, அதில் சேர்த்தேன். படம் வந்தது. லானி தலையாட்டினார். டர்பன் பேச்சில் லானி என்றால் முதலாளி, பெரிய மனுஷன். பேட்ச் கார்டுகளை அழகாகக் கட்டி, ரேக் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். 'ரைட் மெமரி' அடிக்கவில்லை.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்விட்ச்சிடம் இரண்டு கணக்கு இருக்கிறது. நம் ஊர் மளிகைக் கடையில் சிலேட்டில் கிறுக்கும் கணக்கும், ராத்திரி பேரேட்டில் ஏற்றும் கணக்கும் போல. நாம் அடிக்கும் ஒவ்வொரு கட்டளையும் அந்த நொடியே சிலேட்டில் ஏறி வேலை செய்ய ஆரம்பித்துவிடும். அதன் பெயர் ரன்னிங்-கான்ஃபிக், இருப்பது ரேமில். பேரேட்டின் பெயர் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக், இருப்பது கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில். ஸ்விட்ச் விழிக்கும்போது பேரேட்டைத்தான் பார்க்கும். சிலேட்டில் இருப்பதைப் பேரேட்டில் ஏற்ற 'காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்' என்று அடிக்க வேண்டும். சோம்பேறிகளுக்கு 'ரைட் மெமரி'. எங்களுக்கு வெறும் 'டபிள்யூஆர்'.

மே மாதம் விட்ட தவறு டிசம்பர்வரை ஏன் தெரியவில்லை? யூபிஎஸ் நன்றாக வேலை செய்ததால். அந்த வருஷத்தின் நடுவில் சில மாதங்கள் லோட்ஷெடிங்கே, அதாவது மின் பற்றாக்குறைக்காக முறை வைத்துச் செய்யும் மின்வெட்டே, இல்லை. அக்டோபரில் திரும்ப வந்தபோது யூபிஎஸ் தாங்கிக்கொண்டது. டிசம்பர் 9-ஆம் தேதி சாயங்காலம் ஸ்டேஜ் 6 அறிவித்தார்கள்; எண் ஏற ஏற வெட்டும் கூடும். அந்த எண்ணை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. ஸ்டேஜ் 4 வந்தாலே தலையில் கை வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் பல தடவை, தடவைக்கு இரண்டு மணி நேரம். நடுவில் கிடைக்கும் அவகாசத்தில் ஈய பேட்டரி முழுக்க சார்ஜ் ஏறாது. மூன்றாவதோ நான்காவதோ சுற்றில் யூபிஎஸ் கையை விரித்தது. ஸ்விட்ச் அணைந்தது, விழித்தது, பேரேட்டைப் புரட்டியது. அதில் ஏப்ரல் மாதத்து உலகம்தான் இருந்தது.

"யார் மாத்தினது?" என்று லானி கேட்டார். யாரும் மாற்றவில்லை, அதுதான் பிரச்சினை என்பதை அவருக்கு எப்படி விளக்குவது?

என்னை உண்மையில் தடுமாற வைத்தது வேறு. 'ஷோ வீலான் ப்ரீஃப்' அடித்தால் பட்டியலில் 40 இருந்தது. கேமரா என்ற பெயரோடு, நான் வைத்த எழுத்துப் பிழை உட்பட. ஆனால் அதற்கு நேரே ஒரு போர்ட்கூட இல்லை. ஆள் காலி செய்த வீட்டில் பெயர்ப்பலகை மட்டும் தொங்குவது போல. சேமிக்கவே இல்லை என்றால் வீலானும் அல்லவா போயிருக்க வேண்டும்?

வீலான் பட்டியல் அந்தப் பேரேட்டில் இருப்பதில்லை. ஃப்ளாஷ் நினைவகத்தில் வீலான்.டாட் (vlan.dat) என்று தனிக் கோப்பு. ஸ்விட்ச்சுகள் தங்களுக்குள் வீலான் பட்டியலைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டின் பெயர் விடிபி. ஸ்விட்ச் அதில் சர்வர் நிலையில் இருந்தால், வீலானை உருவாக்கிய கையோடு அது தானாகவே அந்தக் கோப்பில் எழுதப்பட்டுவிடும். யாரும் சேமிக்கச் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் போர்ட் எந்த வீலானில் என்பது மட்டும் சிலேட்டுக் கணக்கு. ஆக என் வேலையில் பாதி தப்பித்தது, பாதி போனது. இதே காரணத்தால்தான், 'ரைட் இரேஸ்' போட்டுத் துடைத்துவிட்டோம் என்று நினைத்துப் பழைய ஸ்விட்ச்சை வேறு இடத்தில் மாட்டுபவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். பேரேடுதான் அழியும், வீலான்.டாட் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதன் திருத்த எண் (பட்டியல் எத்தனை தடவை மாறியது என்ற கணக்கு) புது இடத்தில் இருப்பதைவிடப் பெரியதாக இருந்து, விடிபி டொமைன் பெயரும் ஒத்துப்போனால், புது இடத்து வீலான்களை எல்லாம் தூக்கிவிட்டுத் தன் பட்டியலைப் பரப்பும். நல்ல வேளையாக இதை நான் அடுத்தவர் தலையில் நடந்ததாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் இரண்டு வரிகளைப் பார்ப்பேன். 'ஷோ ரன்' அடித்தால் உச்சியில் வரும். கான்ஃபிக் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, யாரால் என்று ஒரு வரி. என்விரேமில், அதாவது பேரேட்டில், கடைசியாக எப்போது ஏற்றப்பட்டது என்று அடுத்த வரி. முதல் நேரம் இரண்டாவதுக்குப் பிந்தியது என்றால், யாரோ ஒருவர் சிலேட்டில் எழுதிவிட்டுக் கடையைப் பூட்டிப் போயிருக்கிறார். என்ன எழுதினார் என்று தெரிய, இரண்டு கோப்பையும் ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் காட்டும் கட்டளையும் இருக்கிறது. ஆனால் இதெல்லாம் நேரம் சரியாக இருந்தால்தான். டைம் சர்வரிடம் நேரம் கேட்கும் என்டிபி வைக்காத ஸ்விட்ச்சில் எல்லா மாற்றமும் 1993-லிருந்து எண்ணிய பொய்த் தேதியில் நடந்ததாகத்தான் காட்டும்.

'அப்டைம் மூன்று வருஷம் பன்னிரண்டு வாரம்' என்று, ஸ்விட்ச் அணையாமல் ஓடிய காலத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து க்ரூப்பில் போட்டுப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். மூன்று வருஷமாக யாரும் அந்தப் பேரேட்டைத் திறந்து பார்க்கவில்லை என்பதற்கு அதுதானே சாட்சி?

*

2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது பாடம் வேறு மாதிரி வந்தது. ஏப்ரல் 11, 12 தேதிகளில் கொட்டிய மழையில் டர்பனிலும் சுற்றுப்புறத்திலும் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ரோடுகள் பிளந்து கிடந்தன. அந்த வாரத்தில் ஸ்விட்ச்சைப் பற்றிக் கவலைப்பட்டேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு மருந்துக் கடைக்கும் நெட்வொர்க் வேண்டியிருக்கிறது.

நான் அப்போது திருந்தியிருந்தேன். மாதம் ஒரு முறை எல்லா ஸ்விட்ச்சின் கான்ஃபிக்கையும் டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் முறை வழியாக ஒரு லேப்டாப்புக்கு இழுத்து வைப்பேன். ஒரு வாடிக்கையாளரிடம் மட்டும் அந்த லேப்டாப்பை அங்கேயே, ரேக்குக்குக் கீழ்த் தட்டில் வைத்திருந்தேன். ரேக்கின் கீழ்த் தட்டு எந்த அளவுக்குத் தாழ்ந்த இடம் என்பது தண்ணீர் வந்தபோதுதான் தெரிந்தது. அசலும் நகலும் ஒரே சேற்றில் கிடந்தன.

அங்கிள் காரின் டிக்கியைத் திறந்தார். பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே ஒவ்வொரு ஸ்விட்ச்சின் 'ஷோ ரன்'னும் காகிதத்தில் அச்சடித்து, தேதி போட்டு, ஸ்டேப்ளர் அடித்து. இந்தக் காலத்தில் போய்க் காகிதமா என்று நான் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். பாஸ்வேர்ட் வரும் இடங்களில் எல்லாம் கறுப்புப் பேனாவால் அடித்திருந்தார். கான்ஃபிக்கில் 7 என்ற எண்ணோடு வரும் பாஸ்வேர்ட் பார்க்கத்தான் பூட்டுப் போட்டது போல இருக்கும். அதைத் திருப்பிப் போட்டு அசலைப் படிக்க ஒரு நொடி போதும். அது தெரியாமல் முழு கான்ஃபிக்கையும் வாட்ஸாப்பில் 'இதைக் கொஞ்சம் பாருங்க அண்ணா' என்று அனுப்புகிற தம்பிகள் எனக்கு வாரம் ஒருவராவது உண்டு. தம்பிகளே, கறுப்புப் பேனாவுக்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

புது ஸ்விட்ச் வந்தது. காகிதத்தைப் பார்த்து நான் சொல்லச் சொல்ல, அங்கிள் தட்டினார். போர்ட் பகுதி வந்ததும் ஒவ்வொரு வரிக்கும் பிழை. பழையது 2960, அதில் போர்ட்டுகளின் பெயர் ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/1 என்று போகும். புதியது 2960-எக்ஸ், அதில் கிகாபிட்ஈதர்நெட் 1/0/1. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்தான், ஆனால் வீட்டு எண் போடும் முறை வேறு. நாற்பத்தெட்டுப் போர்ட்டையும் மாற்றி எழுதினோம். கடைசி வரிவரை அடித்து முடித்து, சேமித்து, காருக்கு வந்து ரிமோட்டில் நுழையப் பார்த்தால் எஸ்எஸ்எச் கதவே திறக்கவில்லை. எஸ்எஸ்எச்சுக்கு வேண்டிய ஆர்எஸ்ஏ சாவிகள் 'ஷோ ரன்'னில் வருவதில்லை. அவை தனியாக ஒளித்து வைக்கப்படுகின்றன. எந்தக் காகிதத்திலும் இருக்காது. புது ஸ்விட்ச்சில் புதிதாக உருவாக்க வேண்டும். திரும்ப உள்ளே போய், கன்சோல் கேபிளைச் செருகி, உருவாக்கினோம்.

ஆக, 'பேக்கப் இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் நான் இப்போது கேட்பது, எந்த ஸ்விட்ச்சில் எப்போது ஏற்றிப் பார்த்தீர்கள் என்பதைத்தான்.

*

இதுவரை படித்தவர்கள், எதைச் செய்தாலும் உடனே சேமித்துவிடு என்று நான் சொல்வதாக நினைக்கலாம். 2023-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் சேமிக்காததுதான் என்னைக் காப்பாற்றியது.

காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட அந்த ஊரில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்குக் கிளை இருந்தது. டர்பனிலிருந்து என்3 சாலையில் எண்பது கிலோமீட்டர். அங்கே புதிதாக வீலான் 30 வேண்டும் என்றார்கள். டர்பனில் உட்கார்ந்தபடியே நுழைந்து, பல வீலான்களும் சேர்ந்து வெளியே போகும் டிரங்க் போர்ட்டில் 'ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்ட் வீலான் 30' என்று அடித்தேன். 'ஆட்' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டேன். அந்தச் சொல் இருந்தால், ஏற்கெனவே இருக்கும் பட்டியலோடு 30-ஐச் சேர். இல்லாவிட்டால், பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு 30-ஐ மட்டும் விடு. நான் உள்ளே நுழைந்திருந்ததோ வீலான் 10 வழியாக. எந்தக் கிளையில் உட்கார்ந்திருந்தேனோ அதையே வெட்டினேன். திரை உறைந்தது.

மணி நாலரை. கார் சாவியை எடுத்தேன். அங்கிள் பன்னி சௌ, அதாவது குடைந்த ரொட்டிக்குள் கறி ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு, சாப்பிட்டுக்கொண்டிருந்தார், வெள்ளிக்கிழமை ஆதலால் பீன்ஸ் கறி போட்ட கால் ரொட்டி. ரொட்டியின் மேல்துண்டைக் கறியில் தோய்த்தபடி கேட்டார்: "ரைட் போட்டியா?"

"இல்ல அங்கிள், அதுக்குள்ள கட் ஆயிடுச்சு."

"அங்க யூபிஎஸ் இருக்கா?"

"இல்ல."

போனை எடுத்து லோட்ஷெடிங் அட்டவணையைப் பார்த்தார். அந்தப் பகுதிக்கு ஆறு மணியிலிருந்து எட்டு. "உக்காரு. எட்டு மணிக்கு அதுவே திருந்திடும்."

கிளை ஐந்துக்கு மூடிவிடும் என்பதால் அரை மணி நேரத் திட்டு மட்டும் வாங்கினேன். ஆறுக்குக் கரண்ட் போனது. எட்டுக்கு வந்தது. எட்டு மணி எட்டு நிமிடத்துக்கு ஸ்விட்ச், உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கும் 'பிங்'குக்குப் பதில் சொன்னது, என் தவறு நடக்காத உலகத்திலிருந்து. ஊரே சபிக்கும் லோட்ஷெடிங்குக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் அன்று நானாகத்தான் இருப்பேன்.

அதற்கு அடுத்து, தொலைவில் இருக்கும் ஸ்விட்ச்சில் கை வைக்குமுன் 'ரீலோட் இன் 10' என்று அடிக்கப் பழகினேன். பத்து நிமிடத்தில் தன்னைத்தானே அணைத்து விழிக்கச் சொல்லும் கட்டளை. வேலை சரியாக முடிந்தால் 'ரீலோட் கேன்சல்'. வெட்டிக்கொண்டால் பத்து நிமிடம் காத்திருந்தால் போதும். அதை அடிக்கும்போது, சேமிக்காத மாற்றங்கள் இருந்தால் சேமிக்கவா என்று கேட்கும். பழக்க தோஷத்தில் ஆமாம் என்று சொல்லாமலிருக்க வேண்டும். ஜூனிப்பர் என்ற இன்னொரு நிறுவனத்துக்காரர்கள் இதை இன்னும் அழகாக வைத்திருக்கிறார்கள். அங்கே மாற்றம் எல்லாம் முதலில் ஒரு வரைவில்தான் விழும். 'கமிட் கன்ஃபர்ம்ட்' என்று சொன்னால் அமலுக்கு வரும்; பத்து நிமிடத்துக்குள் மறுபடி உறுதி செய்யாவிட்டால் தானாகப் பழைய நிலைக்குப் போய்விடும். இப்போதைய கான்ஃபிக் 0, பழையவை 1 முதல் 49 வரை என்று எண் போட்டு வரிசையில் நிற்கும்.

சிஸ்கோவில் இன்னொரு பள்ளம் உண்டு. பேரேட்டைச் சிலேட்டின் மேல் காப்பி செய்தால் பழைய நிலை திரும்பிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். திரும்பாது. இரண்டும் கலக்கும். பேரேட்டில் இல்லாத புது வரிகள் சிலேட்டில் அப்படியே இருக்கும். சாம்பாரில் உப்பு கூடிப்போனால் நேற்றைய சாம்பாரை அதில் ஊற்றுவது போல. முழுக்க மாற்ற வேண்டுமென்றால் 'கான்ஃபிகர் ரீப்ளேஸ்' என்று தனியாக இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு எனக்குத் தோன்றுவது: 'டபிள்யூஆர்' என்பது சுத்தபத்தமான பழக்கம் இல்லை, அது கையெழுத்து. நாளைக்கு நான் இல்லாத நேரத்தில் இந்தப் பெட்டி விழித்தெழுந்தால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொடுப்பது. அரைகுறையாகச் சோதித்ததில் கையெழுத்துப் போடுகிறவனும், முடித்த வேலையில் போடாமல் போகிறவனும் எனக்கு ஒன்றுதான். இரண்டு பேராகவும் நான் இருந்திருக்கிறேன்.

*

இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு ஆக்ஸிடைஸ்ட் என்ற இலவச மென்பொருள் எல்லா ஸ்விட்ச்சுக்குள்ளும் நுழைந்து, கான்ஃபிக்கைப் படித்து, ஒவ்வொரு பதிப்பையும் பத்திரப்படுத்தும் கிட் (git) என்ற மென்பொருளில் சேர்த்துவிடுகிறது. இதற்கு முன்பு இதே வேலைக்கு ரான்சிட் என்று ஒன்று இருந்தது. இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்கு, எண்ணெய் காறிப்போனது என்று பொருள். ஆக்ஸிடைஸ் ஆனால்தான் எண்ணெய் காறும். அதன் இடத்துக்கு வந்த பிள்ளைக்கும் வாடை விடாமல் பெயர் வைத்திருக்கிறார்கள். காலையில் காபியோடு, நேற்று எந்த ஸ்விட்ச்சில் எந்த வரி கூடியது, எந்த வரி குறைந்தது என்று பார்ப்பேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஒரு நாள், வாடிக்கையாளர் ஒருவரின் ஸ்விட்ச்சில் ஏழாவது போர்ட்டின் பாதுகாப்பு வரிகள் காணாமல் போயிருந்தன. விசாரித்தால், அவர்கள் அலுவலகப் பையன் ஒருவன் தன் வைஃபை பெட்டியை மாட்ட அதை எடுத்திருக்கிறான்.

ஆனால் இந்த ஏற்பாட்டிலும் ஒரு ஓட்டை. சிஸ்கோ ஸ்விட்ச்சில் ஆச்சரியக்குறி போட்டுக் குறிப்பு எழுதினால், ஸ்விட்ச் அதை வாங்கிக்கொள்ளும், வைத்துக்கொள்ளாது. சேமித்த கோப்பில் நம் குறிப்பு ஒன்றுகூட மிஞ்சாது. போர்ட்டுக்கு விளக்கம் என்று ஒரு வரி எழுதலாம், அணுகல் பட்டியலில் ஒரு வரிக் குறிப்புப் போடலாம், அவ்வளவுதான். போர்ட் 17-இன் வேகம் 100 என்று கட்டி வைத்திருக்கிறது என்பது கோப்பில் இருக்கும். அந்தப் பக்கம் இருக்கும் பழைய தராசு மெஷின் வேகத்தைத் தானாகப் பேசி முடிவெடுக்கத் தெரியாமல் தொங்கிவிடும் என்பது அங்கிளின் நோட்டில்தான் இருக்கும்.

தேவார நோட்டும் கான்ஃபிக் நோட்டும் ஒரே அட்டை போட்டவை. ஒரு தடவை மாற்றி எடுத்து வந்துவிட்டார். அன்று மதியம் தராசுக் கதையைத் தேடப்போய்த் திருஞானசம்பந்தரைப் படித்தோம்.

அந்த மதியம்தான் அவர் தன் கொள்ளுத்தாத்தாவைத் தேடிய கதையையும் சொன்னார். 1860 நவம்பர் 16-இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்ததிலிருந்து, ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்துப் பட்டியல் எழுதி வைத்தார்கள். அவருடைய கொள்ளுத்தாத்தா பின்னால் வந்த ஏதோ ஒரு கப்பல். எண்ணை வைத்து வரியைக் கண்டுபிடித்துவிட்டார். "பேர், அப்பா பேர், வயசு, ஜாதி, ஊர், உடம்புல எந்த இடத்துல தழும்பு, எல்லாம் இருக்கு தம்பி. ஏன் கப்பல் ஏறினார்னு மட்டும் இல்லை." பிறகு நோட்டைத் திருப்பி, போர்ட் 17 என்று தலைப்புப் போட்டு, தராசு மெஷினைப் பற்றி மறுபடி ஒரு தடவை எழுதினார்.

*

அங்கிள் 2023 கடைசியில் ஓய்வு பெற்றார். 2024 மார்ச் 26-க்குப் பிறகு லோட்ஷெடிங்கும் ஓய்வு பெற்றது போலத்தான் இருந்தது. மாதக் கணக்கில் கரண்ட் போகவில்லை. ஸ்விட்ச்சுகளின் அப்டைம் ஏற ஏற எனக்குப் பழைய கலக்கம்.

அவர் தொண்டு செய்யும் கோயிலில் ஒரு எச்பி ப்ரோகர்வ் ஸ்விட்ச் இருக்கிறது. யாரோ அலுவலகம் காலி செய்யும்போது தானம் கொடுத்தது. சிஸ்கோவில் விழிக்கும்போது படிப்பது ஒரே பேரேடு என்றால், இதில் மூன்று வரை வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து. அங்கிளுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. சாதாரண நாளுக்கு ஒரு கோப்பு: அலுவலகம், பூஜைச் சீட்டுக் கவுண்டர், சும்மா கிடக்கும் போர்ட்டெல்லாம் மூடி. தைப்பூசக் காவடிக்கு இன்னொன்று: நேரலைக் கேமராக்களுக்குத் தனி வீலான், அன்னதானக் கூடத்தில் அட்டை மெஷின்கள், வாசலில் தொண்டர்களுக்கு நாலு போர்ட் கூடுதல். அந்தக் கோப்பின் பெயரே 'காவடி'.

2024 அக்டோபர் 5, புரட்டாசி மூன்றாம் சனி. டர்பனில் புரட்டாசி என்றால் மாதம் முழுக்கக் கவிச்சியே கிடையாது. கோயிலில் நல்ல கூட்டம். கூட்டத்தோடேயே சோதித்துப் பார்த்துவிடலாம் என்று, காவடிக் கோப்போடு ஸ்விட்ச்சை மறுபடி விழிக்க வைத்தோம். எல்லாம் சரியாக வந்தது. இரண்டு சின்னத் திருத்தம் செய்தேன். ஆமாம், 'ரைட் மெமரி' போட்டேன். அங்கிள் பார்த்துக்கொண்டே இருந்தார், போடாமல் விட முடியுமா? காவடிவரை இது இப்படியே ஓடட்டும் என்று விட்டுவிட்டோம்.

2025 ஜனவரி 31, வெள்ளிக்கிழமை. பத்து மாதத்துக்குப் பிறகு லோட்ஷெடிங் திரும்பியது, ஸ்டேஜ் 3. பிப்ரவரி 11 தைப்பூசம். கொடியேற்றத்துக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை இரவு கோயிலில் கரண்ட் போய், அங்கிருந்த சின்ன யூபிஎஸ் இருபது நிமிடம் தாக்குப்பிடித்து, அணைந்தது. கரண்ட் வந்தபோது நேரலைக் கேமரா வரவில்லை, அட்டை மெஷின் வரவில்லை, வாசல் போர்ட்டுகள் மூடிக் கிடந்தன.

நான் போய்ச் சேர்ந்தபோது அங்கிள் வேட்டியும் திருநீறுமாக ரேக் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் நோட்டு.

"ரெண்டு ஃபைலும் சேவ் ஆகித்தானே இருந்துச்சு?" என்றேன், என்னை நானே கேட்பது போல.

பக்கத்தைப் புரட்டி எனக்குக் காட்டினார். அக்டோபர் 5 என்று தேதி. 'காவடி ஃபைல் போட்டு பூட். இந்த ஒரு தடவைக்கு மட்டும். ஸ்டார்ட்டப்-டீஃபால்ட் மாத்தலை. தைக்கு முன்னாடி மாத்தறேன்னு தம்பி சொன்னான்.'

அந்த பூட் கட்டளை அப்போதைய ஒரு விழிப்புக்கு மட்டும்தான் செல்லும். அடுத்த தடவை தானாக விழிக்கும்போது ஸ்விட்ச் தன் வழக்கமான கோப்பைத்தான் எடுக்கும். எது வழக்கம் என்று சொல்லும் கட்டளை வேறு. அதை நான் அடிக்கவே இல்லை. நாலு மாதம் காவடியாக ஓடிக்கொண்டிருந்த ஸ்விட்ச், காவடி நெருங்கும் நேரத்தில் சாதாரண நாளாக விழித்திருந்தது.

கேபிளைச் செருகினேன். நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் லாகில் முதல் வரி வந்தது. சிஸ்கோவுக்கு 1993 என்றால் ப்ரோகர்வுக்கு எல்லாம் தொடங்குவது 1990 ஜனவரி 1.

அங்கிள் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு குனிந்து படித்தார். "தொண்ணூறு, ஜனவரி. மண்டேலா இன்னும் உள்ளதான் இருக்கார்." பேனா மூடியைக் கழற்றினார். "அந்த டீஃபால்ட் கமாண்டைச் சொல்லு. மெதுவா சொல்லு, எழுதிக்கறேன்."